ஒன்பது அம்மாக்களும் ஒன்பதாவது தேவதையும்

என் தங்கை கீதாவைக் கையோடு திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு வருவதற்காகத்தான் நான் டெக்சாஸ் போனேன். ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. மின்வாரிய அலுவலகத்தில் ஆயுசு முழுக்க ஒரே நாற்காலியைத் தேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு உட்கார்ந்த இடமே சொர்க்கம்.

கீதாவின் கணவர் முரளி பொங்கல் முடிந்த கையோடு மாரடைப்பில் போய்விட்டார். ஆபீஸிலிருந்து வந்த நேரத்தில் நடந்தது என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். எப்படி, என்ன என்று கீதா யாரிடமும் சொல்லவில்லை. ஃபோனில் கேட்டால், "சாம்பார் அடுப்புல இருக்குக்கா, அப்புறம் பேசறேன்" என்பாள். அந்தச் சாம்பார் எட்டு மாதமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. "அம்மா இன்னும் அழவே இல்ல பெரியம்மா, எனக்கு பயமா இருக்கு" என்று சியாட்டிலில் வேலை பார்க்கும் அவள் மகன் சொன்னான். எங்கள் அண்ணன் உடனே தீர்ப்பு எழுதிவிட்டார். "நீ போய்க் கூட்டிட்டு வந்துடு. அங்க தனியா அவளுக்கு என்ன வேலை?"

கீதா இருப்பது ஃபிரிஸ்கோவில். போய் இறங்கியதும் கண்ணில் பட்டது வானம்தான். திருச்சியில் வானத்தைக் கம்பிகளுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். இங்கே யாரும் வாங்காமல் அப்படியே விட்டு வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் வீடுகள். இரண்டு நாள் கழித்து வாசல் வரை போய்த் திரும்பியபோது வேறொருவர் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றேன்.

முதல் நாள் மதியம் சோபாவிலேயே தூங்கிவிட்டேன். கண்ணைத் திறந்தால், வெள்ளைப் படுக்கை விரிப்புகளைச் சுற்றிக்கொண்டு ஒன்பது பெண் குழந்தைகள் ஹாலில் அரைவட்டமாக நிற்கிறார்கள். ஒருத்தி கையில் காற்றடைத்த பூமி உருண்டை. ஒருத்தி கையில் அட்டையில் வெட்டிய யாழ். ஒருத்தி பரிசுப்பொருள் சுற்றும் காகிதத்தைச் சுருளாகப் பிடித்திருந்தாள். இன்னொருத்தி ஐபேடை மார்போடு அணைத்திருந்தாள். ஜன்னல் திரை வழியாக மஞ்சளாக வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. விமானம் வழியிலேயே விழுந்துவிட்டது போலிருக்கிறது, இதுதான் மேலுலகம் என்று நிஜமாகவே நினைத்தேன். அப்போது கீதாவின் தட்டுக்கழி தாளக்கட்டையில் டக்கென்று விழுந்தது. மேலுலகத்தில் யார் ஆதி தாளம் போடப் போகிறார்கள் என்று தெளிந்து எழுந்து உட்கார்ந்தேன்.

கீதா பல வருடங்களாக வீட்டிலேயே பரதநாட்டியம் சொல்லித் தருகிறாள். வருடா வருடம் நவராத்திரி சனிக்கிழமையில் ஒரு பள்ளிக்கூட அரங்கத்தை வாடகைக்கு எடுத்துப் பிள்ளைகளை ஆட வைப்பாள். இந்த வருடம் தியா என்கிற பதினொரு வயசுப் பெண், "எப்பப் பாத்தாலும் தசாவதாரம்தானா ஆன்ட்டி?" என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கிரேக்கத்துக் கதைகள் படித்தாளாம். அங்கே கலைக்கும் கல்விக்கும் ஒரு சரஸ்வதி போதாது, ஒன்பது பேர். எல்லோரும் அக்கா தங்கைகள். அவர்கள் அம்மாவின் பெயருக்கே ஞாபகம் என்றுதான் அர்த்தம். சரித்திரத்துக்கு ஒருத்தி, குழலுக்கு ஒருத்தி, நாட்டியத்துக்கு ஒருத்தி, நட்சத்திரங்களைப் பார்க்க ஒருத்தி, சிரிப்புக்கு ஒருத்தி என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். காவியம் எழுதுகிறவள் கையில் மெழுகுப் பலகை இருக்குமாம். அதற்குத்தான் ஐபேட்.

"நைன் கேர்ள்ஸ், நைன் நைட்ஸ். கரெக்டா செட் ஆகுதுல்ல அக்கா?" என்றாள் கீதா. முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. காபி நன்றாக இருந்தது. வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. முரளியின் செருப்பு வாசலில் அதே இடத்தில் இருந்தது. வந்த அன்றே கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் நடக்கக் கிளம்பினேன். ஊரில் நான் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறவள். இங்கே நடைபாதை பளிங்கு மாதிரி போட்டிருக்கிறார்கள், நடக்கத்தான் ஆள் இல்லை. லாரி அளவுக்கு உயரமான ஒரு வண்டி பக்கத்தில் வந்து நின்றது. தொப்பி போட்ட வெள்ளைக்காரர் கண்ணாடியை இறக்கி, "அம்மா, உங்கள் காருக்கு என்ன ஆயிற்று?" என்றார். கார் இல்லை, நடக்கிறேன் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தால் கீதாவின் ஃபோன் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்பது குழந்தைகளின் அம்மாக்களும் இருக்கிற வாட்ஸ்அப் குழு. யாருக்கு எந்தத் தேவதை என்று சீட்டுக் குலுக்கியதில் தியாவுக்கு மெல்பொமினி வந்திருக்கிறாள். சோக நாடகத்துக்கான தேவதை, கையில் அழுகிற முகமூடி வைத்திருப்பாள். தியாவுக்கு அதில் பரம சந்தோஷம். அவள் அம்மா ரேவதிக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

ரேவதி ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நவராத்திரியும் அதுவுமா வயசுக்கு வரப்போற பொண்ண அழுகைக்கான சாமியா நிக்க வைக்கறது... எங்க மாமியார் வீடியோ கால்ல பாப்பாங்க. வேற யாருக்காவது சேஞ்ச் பண்ணிடுங்களேன், ப்ளீஸ்."

வேறு யாருக்கு? ஒரு அம்மா வீட்டில் தம்பிக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. ஒரு அம்மாவுக்கு கிரீன் கார்டு நேரம். ஒரு அம்மா மாசமாக இருக்கிறாள். எல்லோரும் படித்தவர்கள், பகலில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவர்கள். ஆனால் அந்த முகமூடியை ஒருத்தி வீட்டிலிருந்து இன்னொருத்தி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். தியா மட்டும் அம்மாவின் ஃபோனிலிருந்து, "அவள் பெயருக்குப் பாடுகிறவள் என்றுதான் அர்த்தம்" என்று ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தாள். அதற்கு யாரும் பதில் போடவில்லை.

நவராத்திரி தொடங்கியது. போன வருடம் வரை கீதாவுக்கு ஒரு சாயங்காலத்துக்கு மூன்று நான்கு வீட்டு அழைப்பு வருமாம். இந்த வருடம் ஒன்றும் இல்லை. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ரேவதியின் செய்தி வந்தது. "உங்க அக்காவ அனுப்பி வைங்க டீச்சர், அவங்க வரலாமே."

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கீதாதான் கொண்டு விட்டாள். ரேவதி வீட்டுத் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, "நீ போயிட்டு வா, நான் இங்கயே இருக்கேன்" என்றாள்.

"நீயும் வாடி. சும்மா உக்காந்துட்டு வந்துடலாம்."

"வேணாம்க்கா. நான் உள்ள போனா அவங்களுக்குத் தர்மசங்கடம். பாவம், அவங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

உள்ளே கொலு அமர்க்களமாக இருந்தது. புத்தக அலமாரிகளையே படியாக அடுக்கியிருந்தார்கள். மீனாட்சி கல்யாணம் செட்டுக்குப் பக்கத்தில் கயிறு சுழற்றும் கௌபாய். காராமணிச் சுண்டலில் தேங்காய் தாராளம். ரேவதி தங்கமான பெண்தான், தட்டு நிறைய வைத்து உபசரித்தாள். குங்குமம், வெற்றிலை, ரவிக்கைத் துணி எல்லாம் கொடுத்தாள். கிளம்பும்போது ஒரு டப்பாவைத் தனியாக நீட்டி, "டீச்சருக்கு சுண்டல், ஆன்ட்டி" என்றாள். அதோடு குங்குமமும் இல்லை, வெற்றிலையும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த கௌபாயைத் தூக்கி எறிந்திருப்பேன்.

காரில் கீதா ஏசியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். டப்பாவைத் திறந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, "உப்பு கம்மி" என்றாள். "ஊருக்கு வந்துடுடி" என்றேன். "ப்ரோக்ராம் முடியட்டும்க்கா" என்று வண்டியை எடுத்தாள்.

டல்லாஸில் ஒரு மியூசியத்தில் நிஜமான ஒரு கலைத்தேவதை இருக்கிறாள் என்று தியா சொல்லியிருந்தாள். கீதாவுக்கு வகுப்பு. அவள் என்னை ரிச்சர்ட்சனில் ரயில் ஏற்றிவிட்டாள், நான் தனியாகப் போனேன். மியூசியம் என்ற சொல்லுக்கே இந்த ஒன்பது பேரின் வீடு என்றுதான் அர்த்தமாம். எழும்பூர் மியூசியத்துக்கு எத்தனை தடவை போயிருப்பேன், வீட்டுக்காரிகள் யாரென்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் ஒரு மூலையில், வெளிச்சம் அதிகம் விழாத இடத்தில் நின்றிருந்தாள். தலை இல்லை. இரண்டு கைகளும் முழங்கையோடு போய்விட்டன. மிச்சமிருந்தது ஒரு உடம்பும், காற்றில் இன்னும் ஆடிக்கொண்டிருப்பது போன்ற கல் துணியும்தான். கையில் வைத்திருந்தது என்னவென்று தெரியாததால் ஒன்பது பேரில் இவள் யாரென்று சொல்ல முடியவில்லை என்று எழுதிப் போட்டிருந்தார்கள். நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன். ஒரு நேரம் குழல்காரியாகத் தெரிந்தாள், ஒரு நேரம் நட்சத்திரம் பார்க்கிறவளாகத் தெரிந்தாள். துணி அசைந்த மாதிரிகூட இருந்தது. என்னை அறியாமல் கையை நீட்டியிருக்கிறேன். காவலாளி வந்து மெதுவாக, "தொடாதீர்கள் அம்மா, அவள் ரொம்பப் பழையவள்" என்றார். நானும்தான் என்று சொல்ல எனக்குச் சட்டென்று ஆங்கிலம் வரவில்லை.

அந்த மயக்கத்திலேயே திரும்பும்போது வேறு ரயிலில் ஏறிவிட்டேன். ஜன்னலில் கண்ணாடிக் கட்டிடங்கள் போயின, ஏரி போனது. இறங்க வேண்டிய ஊர் வரவே இல்லை. "எங்கடா கொண்டு போறான் இவன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். முன் சீட்டில் இருந்த இளைஞர் சட்டென்று திரும்பினார். "ஏர்போர்ட்டுக்கு ஆன்ட்டி. ஊருக்குப் போறீங்களா? பொட்டி எங்க?"

கீழக்கரைக்காரர், பெயர் சாதிக். இர்விங்கில் அபார்ட்மெண்ட், பக்கத்திலேயே ஆபீஸ். அவர் இறங்குமிடத்தில் என்னையும் இறக்கி, கீதாவுக்கு ஃபோன் போட்டு வழி சொல்லி, அவள் வரும்வரை பெஞ்சில் கூடவே உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்த சமோசா ஆறியிருந்தாலும் அமிர்தமாக இருந்தது. என்ன பார்த்துவிட்டு வருகிறீர்கள் என்று கேட்டார். ஒன்பது சகோதரிகளின் கதையைச் சொன்னேன்.

"ஒரே வீட்டுல ஒம்போது பொம்பளப் புள்ளைங்களா? பாத்ரூமுக்கு என்ன சண்டை நடந்திருக்கும்!" என்று சிரித்தார். அழுகைக்கான ஒன்பதாவது தேவதையை மட்டும் யாரும் சீண்டவில்லை என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"எங்க ஊர்ல மௌத்தான வீட்டுல, அதாவது சாவு வீட்டுல, மூணு நாளைக்கு அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க ஆன்ட்டி. அக்கம்பக்கத்துலேருந்துதான் சோறு வரும். அடுப்பு வேலை இருந்துச்சுன்னு வைங்க, அழுகையத் தள்ளிப் போட்டுட்டு அதைப் பாக்கப் போயிடுவாங்கல்ல."

தங்கை வீட்டுச் சாம்பார் எனக்கு ஞாபகம் வந்தது. சமோசாவைக் கடித்தேன். கீதா வந்ததும் அவளிடம், "உங்க அக்காவை ஊருக்கு அனுப்பப் பாத்தேன், தப்பிச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நிகழ்ச்சிக்கு முந்தின ஒத்திகையில் ஒன்பது அம்மாக்களும் ஹாலில் கூடிவிட்டார்கள். ரேவதி ஒரு யோசனையோடு வந்திருந்தாள்.

"எட்டு பேர் போதும் டீச்சர். ஒம்போதாவதா நம்ம சரஸ்வதியப் போட்டுடலாம். இந்தியாலேருந்து கெஸ்ட்டா வர்ற மாதிரி. தியா பண்ணுவா."

எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்துவிட்டது. கிரேக்கத்து ஒன்றுவிட்ட சகோதரிகளைப் பார்க்கச் சரஸ்வதி விசா வாங்கிக்கொண்டு போகிறாள். எனக்கே பிடித்துத்தான் இருந்தது. தியா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல ஐடியா. சரஸ்வதி வரட்டும்" என்றாள் கீதா. "ஆனா மெல்பொமினியும் இருப்பா."

"யாரு பண்ணுவாங்க டீச்சர்?"

"நான் பண்றேன்."

மாசமாக இருக்கிற பெண் தன்னை அறியாமல் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். ரேவதிதான் தயங்கித் தயங்கி, "உங்களுக்கு வருஷம் திரும்பலையே டீச்சர்... மேடை ஏறலாமா?" என்றாள்.

"மத்த எட்டு பேரா ஏறினா தப்பு ரேவதி. இவளா ஏறினா என்ன? எட்டு மாசமா எங்க வீட்டுலதானே இருக்கா."

அன்று சாப்பிடும்போது, "என்னடி ஆடப் போற?" என்று கேட்டேன். "தெரியலக்கா" என்றாள். அவள் ஒத்திகை பார்த்து நான் பார்க்கவே இல்லை. மேடையில் உடைந்து போவாளோ, அதைவிட மோசமாக, இதையும் இந்த மழமழ முகத்தோடு ஆடி முடித்துவிட்டு வந்து காபி போடுவாளோ என்று பயந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவும் மணக்க எல்லோரும் வந்திருந்தார்கள். தியா வீணையோடு வந்து ஒவ்வொரு சகோதரியாகப் பார்த்து வணங்கினாள். நீல விளக்கில் வெள்ளைத் துணிகள் மிதந்தன. நட்சத்திரக்காரியின் பூமி உருண்டை கைதவறி மேடையைவிட்டு உருண்டது. முன்வரிசை அங்கிள் ஒருவர் அதைப் பிடித்துத் திருப்பி எறிந்தார். அரங்கமே கைதட்டியது.

கடைசியில் கீதா வந்தாள். சாதாரணப் பருத்திப் புடவை. ஒரு கையில் அழுகிற முகமூடி. பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், சுருதிப்பெட்டி மட்டும்.

முகமூடியை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, இல்லாத கத்தியால் காய் நறுக்கினாள். திடீரென்று தலையை நிமிர்த்திக் காதைக் கொடுத்தாள். உள்ளங்கையைக் கீழிருந்து மேலே மெல்ல உயர்த்தினாள். அரங்கத்தில் ஒரு அசைவு. ஃபிரிஸ்கோவில் கார் நிறுத்துமிடம் வீட்டோடு ஒட்டியது. அதன் கதவு மோட்டாரில் உயரும் சத்தம் சமையலறைக்குக் கேட்கும், கணவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். அந்தச் சத்தம் தெரியாத பெண் அந்த ஊரிலேயே இல்லை.

கீதா முகம் மலர எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். மாவை ஊற்றிச் சுழற்றினாள். தோசையைத் திருப்பினாள். கதவைப் பார்த்தாள். வரவில்லை. உதட்டைச் சுழித்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் காதோரம் வைத்துக் காட்டினாள். காரைவிட்டு இறங்காமல் ஆபீஸ் ஃபோனைப் பேசிக்கொண்டே இருக்கிற புருஷன். பெண்கள் சிரித்தார்கள், ஆண்கள் நெளிந்தார்கள். கீதா தட்டை வைத்தாள். சட்னியை வைத்தாள். மறுபடி கதவைப் பார்த்தாள். ஒரு அடி எடுத்து வைத்தாள், பேசிவிட்டு வரட்டும் என்று திரும்பி இன்னொரு தோசை ஊற்றினாள். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது. தோசை கருகியது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள்.

திறந்தவள் முகமூடியைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். எதைப் பார்த்தாள் என்று காட்டவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு முகமூடியை இறக்கிவிட்டு, அடுப்படிக்கு நடந்து வந்து அடுப்பை அணைத்தாள்.

முரளி காருக்குள்ளேயே எப்படிப் போனார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, ஊரார் எல்லோரோடும் சேர்ந்து. இரண்டாவது தோசைக்கு முன்னால் போயிருந்தால் என்று இத்தனை மாதமும் அவள் அந்தச் சமையலறையில் தனியாக நின்றிருக்கிறாள். அதைக் கேட்காமல் நான் ஊருக்கு வா, ஊருக்கு வா என்று நச்சரித்திருக்கிறேன்.

யாரும் கைதட்டவில்லை. தியா நடுங்குகிற குரலில் மங்களம் பாடி முடித்தாள். நான் மேடைக்குப் பின்னால் ஓடினேன். ஒப்பனை அறையில் கீதா தரையில் உட்கார்ந்து, வாய் கோண, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தாள். வாசலில் தியா வீணையோடு நின்றாள். "ஆன்ட்டி, இதுவும் டான்ஸா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்லடா கண்ணா" என்றாள் கீதா விக்கலுக்கு நடுவே. "டான்ஸ் முடிஞ்சிடுச்சு."

தியாவை வெளியே அழைத்து வந்து கதவைச் சாத்தினேன். நடைவழியில் ஒன்பது அம்மாக்களும் பட்டுப்புடவையில் நின்றிருந்தார்கள். ரேவதிக்கு மை கன்னத்தில் வழிந்திருந்தது.

"உள்ள வரலாமா ஆன்ட்டி?"

"அழுதுட்டு இருக்கா" என்றேன். "நல்ல நாள் பாக்கறவங்க இங்கயே நில்லுங்க. அழறவங்க மட்டும் உள்ள வாங்க."

ஒன்பது பேரும் உள்ளே போனார்கள். மாசமாக இருந்தவள்தான் முதலில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

திருச்சி ஏர்போர்ட்டில் என்னைத் தனியாகப் பார்த்ததும் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "எங்க அவ?" என்றார்.

"அவ, அவ வீட்டுல இருக்காண்ணே" என்றேன்.